மூன்று பீப் கேட்ட பிறகுதான் ஏணியை விட்டு இறங்குவேன்

உயரத்தை அளந்து பாராசூட்டுகளைத் திறக்கவைக்கும் கருவியான பெர்ஃபெக்ட்ஃப்ளைட்டின் ஸ்ட்ராட்டோலாகர் சிஎஃப் ஆல்டிமீட்டரை, பொழுதுபோக்கு ராக்கெட்டுக்கான உச்சச் சான்றிதழான லெவல் 3-க்கு நான் ஏவிய ராக்கெட்டில் வைத்துப் பறக்கவிட்டேன். இதில் திரை கிடையாது. சொல்லவேண்டியதையெல்லாம் பீப் சத்தத்தில்தான் சொல்லும். வாங்கும்போது குறையாகத் தெரிந்த அதற்காகவே இன்று இதைப் பரிந்துரைக்கிறேன்.

பேட்டரியை இணைத்ததும் மெயின் பாராசூட் திறக்கவேண்டிய உயரம், போன முறை தொட்ட உச்சம், பேட்டரி வோல்டேஜ் என்று வரிசையாக வரும். ஒவ்வோர் இலக்கமாக அடிக்கும். பூஜ்யத்துக்குப் பத்து பீப். 700 அடி என்றால் ஏழு, பத்து, பத்து. முதலில் எண்ணிக்கை தவறிக்கொண்டே இருந்தது. ஒரு வாரம் மேஜைமேல் வைத்துக் கேட்டேன், பழகிவிட்டது. முக்கியமானது கடைசியில் வருவது. ஒரு பீப் என்றால் டிரோக்கின் (உச்சத்தில் முதலில் திறக்கும் சிறு பாராசூட்) ஈ-மேட்ச் மட்டும் இணைப்பில் இருக்கிறது; பாராசூட்டை வெளியே தள்ளும் வெடிமருந்தைப் பற்றவைக்கும் மின்திரிதான் ஈ-மேட்ச். இரண்டு என்றால் மெயின் மட்டும். மூன்று என்றால் இரண்டும்.

ஏவுமேடையில் ராக்கெட்டை நிமிர்த்தி, ஏணியில் ஏறி சுவிட்சைத் திருப்பினேன். இரண்டு. இன்னொரு சுற்று கேட்டேன், அப்போதும் இரண்டுதான். சுவிட்சை அணைத்து, ராக்கெட்டை இறக்கிப் பார்த்தால், டிரோக் வயரின் இன்சுலேஷனையும் சேர்த்து ஸ்க்ரூவில் முடுக்கியிருக்கிறேன். என் கைத்தவறு. லெவல் 3-க்குத் தனி பேட்டரியோடு இரண்டாவது ஆல்டிமீட்டர் இருந்தது, அது காப்பாற்றியிருக்கும். ஆனால் ஒன்று ஊமையாக இருப்பது தெரிந்தும் மற்றதை நம்பி ஏவுவதென்றால் இரண்டு வைத்ததற்கே அர்த்தமில்லை. இப்போதெல்லாம் ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பார்க்காமல் ஆல்டிமீட்டர் அறையை மூடுவதில்லை. இன்னொன்று: இரண்டு ஆல்டிமீட்டரையும் ஒரே நேரத்தில் போட்டால் சத்தம் பின்னிக்கொள்ளும். ஒன்றை முழுக்கக் கேட்டுவிட்டு அடுத்ததைப் போடுங்கள்.

இதற்கு உயரம் தெரிவது காற்றழுத்தத்தால் மட்டுமே. அந்த அறையின் சுவரில் சம அளவில் மூன்று துளை போட்டேன். மற்ற இடுக்கெல்லாம் அடைத்தேன், வெடிமருந்துப் புகை உள்ளே புகுந்தால் சென்சார் ஏமாந்துபோகும். மூடியில் குழாய் பொருத்திய ஜாடிக்குள் வைத்துக் காற்றை உறிஞ்சியும் சோதித்தேன், ஈ-மேட்சுக்குப் பதில் சிறு பல்புகளோடு. காற்றைத் திரும்ப விட்டு அழுத்தம் ஏறத் தொடங்கியதும், ராக்கெட் இறங்குகிறது என்று எண்ணி டிரோக் பல்பு மின்னியது, கொஞ்சம் கழித்து மெயின்.

ஜிபிஎஸ், ரேடியோ இரண்டும் இதில் இல்லை. விழுந்த இடத்தைத் தேட டிராக்கர் தனியாக வேண்டும்.

அன்று இரண்டு பாராசூட்டும் விரிந்தன. புல்லுக்குள் ராக்கெட்டைக் கண்டதும், சான்று தர வந்த பெரியவரும் நானும் குனிந்து எண்ணினோம். எட்டு. பிறகு பத்து.

"பத்தா?" என்றார்.

"பூஜ்யம் சார்."

ஐந்து, இரண்டு. 8,052 அடி என்று எழுதிக்கொண்டு, படிவத்துக்குப் பேனாவைத் திறந்தார்.