பழைய வீட்டு வெளிப்பூச்சு: சுண்ணாம்பா, சிமெண்டா?

சென்னை ராயபுரம், மண்ணடிப் பக்கத்துப் பழைய சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். தரை ஈரமும் கடலோர உப்பும் அதில் ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

செலவு: சிமெண்டு மலிவு, கொத்தனார் உடனே கிடைப்பார். சுண்ணாம்புக்குக் கைதேர்ந்தவரைத் தேட வேண்டும், கூலியும் கூடுதல்.

நாள்: சிமெண்டுக்கு 7 நாள் தண்ணீர் விட்டால் போதும். சுண்ணாம்பு இறுக வாரக்கணக்காகும்.

நீடித்து உழைப்பது: இங்கேதான் கவனம் வேண்டும். சிமெண்டு ஈரத்தை உள்ளேயே அடைக்கும். உப்பு பூச்சுக்குப் பின்புறம் படிந்து செங்கல் முகத்தையே பொடியாக்கும். தட்டினால் 'டொக்'கென்று வெற்றுச் சத்தம் கேட்கும். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். நீற்றிய சுண்ணாம்பு 1 பங்கு, கழுவிய ஆற்று மணல் 3 பங்கு; கடல் மணல் கூடவே கூடாது. மேலே எமல்ஷனும் வேண்டாம், வெள்ளையடியுங்கள்.

பழைய சுவருக்குச் சுண்ணாம்புதான். பிறகு எழுப்பிய கான்கிரீட் மாடிக்குச் சிமெண்டு பூசலாம்.