மாடித்தோட்டத் தளை: அறுபதைத் தாண்டியவர் வாங்கினால்

தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தரும் மாடித்தோட்டத் தளையில் (கிட்) ஆறு வளர்ப்புப் பைகள், இரண்டு கிலோ தென்னைநார்க் கட்டிகள் ஆறு, ஆறு வகைக் காய்கறி விதை, அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, டிரைக்கோடெர்மா விரிடி என்ற மூன்று நுண்ணுயிர்ப் பொடிகள் தலா 200 கிராம், வேப்பெண்ணெய் மருந்து 100 மில்லி, ஒரு கையேடு இருக்கும். பெயரில்தான் மாடி. வீட்டுப் பின்கட்டுக்கும் இது பொருந்தும். வடசென்னையில் அங்கேதான் இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

காரணம் மண். மீஞ்சூர் பக்கத்து நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறிய கதை பழசு. கரையோர வீடுகள் பலவற்றில் போர் தண்ணீர் உப்பு. எண்ணூர் சுற்றுவட்டாரத்தில் நிலக்கரிச் சாம்பல் படியும். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் எண்ணெய் கலந்த நீர் புகுந்த வீடுகளில், சோதிக்காத கொல்லை மண்ணில் கீரை போடவே கூடாது. பை என்றால் அந்த மண்ணைத் தொட வேண்டியதே இல்லை. இலையில் படியும் தூசியை மட்டும் நன்றாக அலசினால் போதும்.

கட்டியை வாளியில் போட்டுச் சுமார் 10 லிட்டர் தண்ணீர் ஊற்றினால் ஒரு மணி நேரத்தில் தானாக உதிரும். காய்ந்த கட்டியைச் சுத்தியலால் உடைப்பது விரல் மூட்டு வலிக்காரருக்கு வீண் வேலை. கிளம்பும் தூசி ஆஸ்துமா உள்ள குடும்பத்துக்கு ஆகாது. ஊறியதும் முதல் இரண்டு தண்ணீரை வடித்துக் கொட்டுங்கள், நாரில் உப்பு இருக்கும். நாரில் சத்து கிடையாது, தளையில் தொழுவுரமும் கிடையாது. இந்தத் தளையின் பெரிய குறை இதுதான். நாருக்குச் சம அளவு மக்கிய உரத்தைத் தனியாக வாங்கிக் கலந்து, பைக்கு மூன்று நுண்ணுயிர்ப் பொடியிலும் தலா 30 கிராம் போட்டு, ஈரமாக ஒரு வாரம் நிழலில் வைத்த பிறகே விதைக்க வேண்டும். தக்காளியின் அடிப்பகுதி கறுத்தால் அது நோயல்ல. சுண்ணாம்புச் சத்துக் குறைவும் முறையில்லாத தண்ணீரும் சேர்ந்து செய்யும் வேலை. நார் சுண்ணாம்பைப் பிடித்து வைத்துக்கொள்வதால் பையில் இது அடிக்கடி வரும். சுண்ணாம்புச் சத்துள்ள ஜிப்சம் ஒரு சிறு கரண்டி போடலாம்.

நிரப்பி நனைத்த பை 15 கிலோவைத் தாண்டும். எனவே இடத்தில் வைத்துவிட்டு நிரப்புங்கள், நிரப்பிவிட்டுத் தூக்காதீர்கள். கையேட்டில் உயரம் பற்றிப் பேச்சில்லை, முழங்காலுக்கோ அதுதான் முக்கியம். கீரை, புதினா, கொத்தமல்லிப் பைகள் இரண்டரை அடி உயரத்தில் இருக்கட்டும். வெண்டையும் கத்தரியும் தாமே மூன்றடி வளரும், அவற்றுக்கு இரண்டு செங்கல் போதும், நின்றபடியே பறிக்கலாம். ராயபுரம், திருவொற்றியூர் உப்புக் காற்றில் இரும்பு ஸ்டாண்டு சீக்கிரம் துருப்பிடிக்கும். மூன்று வரிசை ஹாலோ பிளாக் அடுக்கிக் கடப்பாக் கல் போட்டால் செலவும் குறைவு, ஆயுளும் அதிகம்.

எந்த விதை என்று யோசிக்கும் முன் வீட்டில் யாருக்கு என்ன நோய் வந்தது என்று ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. சிறுநீரகக் கல் வந்த குடும்பம் பாலக்கையும் தண்டுக்கீரையையும் தினம் சமைக்கக் கூடாது, கல்லை உண்டாக்கும் ஆக்சலேட் அதிகம். சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவருக்குப் பொட்டாசியம் மிகுந்த கீரைகள் மருத்துவர் சொல்லும் அளவுதான். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர் கீரையை விட வேண்டியதில்லை; வாரத்துக்கு வாரம் அளவு ஏறி இறங்கக் கூடாது, அவ்வளவுதான்.

சர்க்கரை உள்ளவர் ஈர மண்ணில் வெறுங்காலோடு இறங்கவே கூடாது. கால் மரத்திருந்தால் முள் குத்தியதே தெரியாது. மழைக்கால மண்ணில் இருக்கும் மெலியாய்டோசிஸ் என்ற கடும் தொற்றுநோயின் கிருமி அவர்களைத்தான் அதிகம் தாக்கும். ரப்பர் பூட்ஸ், கையுறை, வேலை முடிந்ததும் பாதத்தைப் பார்ப்பது, பத்தாண்டுக்கு ஒருமுறை டெட்டனஸ் ஊசி. இரத்த அழுத்தத்துக்கு நீர் போகும் மாத்திரை எடுப்பவருக்கு வெயிலில் உடம்பில் நீர் சட்டென்று குறையும். குனிந்து எழுந்தால் கண் இருட்டும். காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள், உட்கார ஒரு முக்காலி பக்கத்தில் இருக்கட்டும்.

அக்னி நட்சத்திரத்தில் செடிக்கும் நிழல் வேண்டும்: 50 சதவீத நிழல் தரும் பச்சை வலை, மேற்குப் பக்கமும் இறக்கிக் கட்டுங்கள். இரவில் வெக்கை தணியாத மாதங்களில் தக்காளி பூக்கும், பிஞ்சு நிற்காது. அந்த விதையை ஆகஸ்டு வரை எடுத்து வையுங்கள். வெண்டை, கொத்தவரை, கத்தரி தாங்கும். மேல் நார் காய்ந்தாற்போல் தெரியும், உள்ளே ஈரம் இருக்கும். விரலை இரண்டு கணு விட்டுப் பார்த்த பின்னரே ஊற்றுங்கள். ஆர்.ஓ. கழிவு நீரை ஊற்றுவது சிக்கனம் இல்லை, உப்பைச் சேர்த்து வைப்பது. போர் தண்ணீர்தான் வழி என்றால் வாரம் ஒருமுறை மெட்ரோ தண்ணீரை அடியில் வழியும்வரை ஊற்றி உப்பைக் கழுவுங்கள். பைக்குக் கீழே தட்டு வைத்தால் வாரம் ஒருமுறையாவது கவிழ்த்துத் தேய்க்க வேண்டும், டெங்கு கொசு அதில்தான் முட்டையிடும்.

மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய் 5 மில்லி, ஒரு லிட்டர் தண்ணீர், சில சொட்டுத் திரவ சோப்பு. மாலையில் தெளியுங்கள், உச்சி வெயிலில் இலை கருகும்.

பதிவு துறையின் இணையதளத்தில், ஆதார் வேண்டும். மாதவரம் தோட்டக்கலைப் பூங்காவிலும் விசாரிக்கலாம். மானியம் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் அன்றைய விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். வாங்கும்போது நுண்ணுயிர்ப் பொடிப் பொட்டலங்களின் காலாவதித் தேதியைப் பாருங்கள். வெயிலில் கிடந்த பொட்டலத்தில் உயிர் இருக்காது.