லேசிக் செய்து பல வருடம் ஆகிறது: பார்வையில் குறையில்லை, வறட்சிதான் தீரவில்லை

"மாமா, லேசிக்கா, ஸ்மைலா? எதைப் பண்ணலாம்?" என்று அக்கா மகன் கேட்டிருந்தான். இரண்டுமே கண்ணாடி இல்லாமல் பார்ப்பதற்காகக் கருவிழியை லேசரால் திருத்தும் அறுவை சிகிச்சைகள். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. இதே கேள்வியோடு இருப்பவர்களுக்காக மீதியையும் சேர்த்து எழுதுகிறேன்.

என் பவர் மைனஸ் ஐந்தரை. லேசிக்குக்குப் பிறகு இன்றுவரை கண்ணாடி போடவில்லை. சலூனில் கத்தரி எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே முடிவெட்டிக்கொள்கிறேன். சின்ன வயதிலிருந்து கண்ணாடி போட்டவர்களுக்குத்தான் அந்தச் சுகம் புரியும்.

ஆனால் இந்த வறட்சி! ஏசி அறையில் கணினி முன் உட்கார்ந்தால் மதியத்துக்குள் கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறது. சொட்டு மருந்து இல்லாமல் வெளியூர் போவதில்லை. காரணம் தெரிந்ததுதான். லேசிக்கில் கருவிழியின் மேற்பகுதியைச் சுமார் 100 முதல் 120 மைக்ரான் கனத்துக்கு வெட்டி, ஒரு ஓரம் மட்டும் ஒட்டியிருக்கும்படி மூடி போலத் திறந்து, உள்ளே லேசரால் செதுக்கி மூடுகிறார்கள். அந்த வெட்டில் கருவிழி நரம்புகளும் அறுபடுகின்றன. கண் காய்வதை உணர்ந்து கண்ணீரைச் சுரக்கத் தூண்டுபவை அந்த நரம்புகள்தான். பெரும்பாலானோருக்குச் சில மாதங்களில் சரியாகிவிடும். எனக்கு ஆகவில்லை.

லேசர் மேல் எனக்குக் கோபம் இல்லை. லேசிக்கில் செதுக்கப் பயன்படும் எக்ஸைமர் லேசர் திசுவைக் கருக்காமல் வெட்டும் என்று 1981-ல் ஐபிஎம் ஆய்வகத்தில் கண்டறிந்த மூவரில் ஒருவர் சென்னையில் பிறந்த ரங்கசாமி ஸ்ரீனிவாசன். அதில் எனக்குப் பெருமைகூட உண்டு. கோபமெல்லாம் எனக்கு லேசிக் செய்த மருத்துவமனையின் கவுன்சிலிங் அறை மேல்தான். எந்த மெஷினுக்கு எவ்வளவு, தவணை உண்டா என்று விளக்கியவர்கள், என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கீழ் இமைக்குள் காகிதப் பட்டை வைத்து ஐந்தே நிமிடத்தில் கண்ணீரை அளக்கும் ஷிர்மர் பரிசோதனையும் எடுக்கவில்லை.

ஸ்மைலில் திறப்பு இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர்தான். உள்ளே லேசர் வெட்டிய மெல்லிய வில்லையை அதன் வழியே உருவி எடுக்கிறார்கள். நரம்புச் சேதம் குறைவு என்பதால் முதல் சில மாதங்களில் வறட்சியும் குறைவு. ஆனால் லேசிக் அளவுக்கு உடனே தெளிவு வராது, பின்னால் பவர் மிச்சம் இருந்தால் ஸ்மைலையே திரும்பச் செய்வதும் எளிதல்ல. பி.ஆர்.கே. என்று மூன்றாவதாக ஒரு லேசர் முறையும் உண்டு, அதில் வெட்டே கிடையாது. மேல்தோலை மட்டும் நீக்கிச் செதுக்குவதால் சில நாள் நல்ல வலி இருக்கும், பார்வை நிதானமாக வாரக்கணக்கில் தெளியும். அக்கா மகன் கபடி ஆடுகிறவன். வருடங்கள் கழித்தும் கண்ணில் பலமாக அடிபட்டால் லேசிக் மூடி விலகலாம். அதனால் அவனுக்கு ஸ்மைல், இல்லையென்றால் பி.ஆர்.கே.

பார்வைக்கு மட்டும் மதிப்பெண் போட்டால் லேசிக்குக்குப் பத்துக்குப் பத்து. அப்படியும், ஏசியில் நாள் முழுக்கத் திரையைப் பார்க்கிறவர் கேட்டால் லேசிக் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

அப்புறம், கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் டாக்டர் சொல்லும் நாளிலிருந்தே அதை நிறுத்திவிட்டுத்தான் கருவிழியின் வடிவத்தை அளக்கும் டோபோகிராபி பரிசோதனைக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் அளவு தவறாக வரும். அதில் கருவிழி கூம்பு வடிவமாகிறது என்று தெரிந்தால் லேசிக்குக்குச் சம்மதிக்கவே கூடாது, எவ்வளவு தள்ளுபடி தந்தாலும்.