தென்காசியில் ஒரு தலைசுற்றல்

ஜூலை மாதம், குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருந்த நேரம். லண்டனிலிருந்து வந்து சென்னையில் ஒரு நாள் தங்கி, எழும்பூரில் பொதிகை எக்ஸ்பிரஸ் பிடித்துத் தென்காசியில் இறங்கினேன். பதினேழு வருடங்களாக ஊருக்கு வரும்போதெல்லாம் வயிற்றுக்குத்தான் பயந்திருக்கிறேன். ஓ.ஆர்.எஸ். பொட்டலம், கொதித்து ஆறிய தண்ணீர் என்று எல்லா ஏற்பாடும் அதற்குத்தான். தலைக்கு எதுவும் கொண்டுவரவில்லை.

மூன்றாம் நாள் விடிகாலை மூன்றரை மணி இருக்கும். தூக்கத்தில் வலது பக்கம் புரண்டேன். ஃபேன் ஓடுவது சரி, அதோடு சேர்ந்து உத்தரம், சுவர், பீரோ எல்லாம் ஓட ஆரம்பித்தன. கட்டில் ஒருபக்கமாகக் கவிழ்வது போல இருந்தது. மெத்தை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அரை நிமிடம்கூட இருக்காது. அதற்குள் மகளின் கல்லூரிக் கட்டணம் வரை யோசித்து முடித்துவிட்டேன். அப்பா ஸ்ட்ரோக்கில் போனவர். எனக்கு வயது 51.

"அம்மா" என்று கூப்பிட்டேன். நாக்கு குழறியதோ என்று சந்தேகம் வந்து இன்னொரு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன்.

"என்னய்யா செய்யுது?" என்று வந்தாள். எழுந்து உட்கார்ந்ததும் மறுபடி ஒரு சுற்று, கூடவே வாந்தி. "பித்தம்தான்யா. ராத்திரி பரோட்டா, அதுக்கு மேல பயணச் சூடு" என்று எலுமிச்சம்பழம் தேடப் போனாள். மைனி அதற்குள் 108க்கு போன் போட்டுவிட்டாள்.

தமிழ்நாட்டில் 2008லிருந்து ஓடும் வண்டி. நான் ஏறியது இதுதான் முதல் தடவை. இருபது நிமிடத்தில் தெருமுனையில் விளக்கு தெரிந்தது. பைலட் என்று அவர்கள் சொல்லும் டிரைவர் ஒருவர், இ.எம்.டி. எனப்படும் அவசர மருத்துவ உதவியாளர் பையன் ஒருவன். சுகர், பிரஷர் பார்த்தான். "சார், எங்க, கொஞ்சம் சிரிங்க" என்றான். நடு ராத்திரியில் லுங்கியோடு உட்கார்ந்து அந்நியன் ஒருவனைப் பார்த்துச் சிரித்தேன். வாய் கோணவில்லை. இரண்டு கையையும் தூக்கச் சொன்னான், தூக்கினேன். "பயப்படுற மாதிரி தெரியல சார், இருந்தாலும் காட்டிருவோம்" என்று அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். ஒரு பைசா கேட்கவில்லை.

அங்கே டியூட்டி டாக்டர் இ.சி.ஜி. எடுத்தார், வாந்திக்கு ஊசி போட்டார். "ஹார்ட் நல்லா இருக்கு. இது காது சம்பந்தமா இருக்கலாம். எட்டு மணிக்கு ஈ.என்.டி. வந்துருவாங்க, இருந்து பார்த்துட்டுப் போங்க" என்றார்.

இருந்திருக்க வேண்டும். லண்டனில் எமர்ஜென்சியில் நாலு மணி நேரத்துக்குள் முடித்து அனுப்புவதே பெரிய இலக்கு. பிளாஸ்டிக் நாற்காலியில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பேன். ஊருக்கு வந்தால் மட்டும் அந்தப் பொறுமை எங்கே போகிறதோ. 'தலை சுற்றுகிறது என்கிறேன், காது என்கிறாரே' என்று எனக்கு. "அப்பாவுக்கும் இப்படித்தான் லேட் பண்ணினோம்" என்றான் அண்ணன். கார் எடுத்தோம், திருநெல்வேலிக்கு.

தனியார் ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். கவுண்டரில் முதல் கேள்வி: "ஃபாரின்ல இருந்து வந்திருக்கீங்களா? இன்சூரன்ஸ் இருக்கா?" என்ன செய்கிறது என்பது மூன்றாவதோ நாலாவதோ கேள்வி. எம்.ஆர்.ஐ., கழுத்துக்கு டாப்ளர், ஏகப்பட்ட ரத்தப் பரிசோதனை, ஏ.சி. அறையில் ஒன்றரை நாள். அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது, ஸ்கேன் எடுங்கள் என்று கெஞ்சியவன் நான்தான். எல்லாம் நார்மல். ஆனால் அந்த ஒன்றரை நாளில் என்னைப் படுக்க வைத்து, தலையைத் திருப்பிப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. பில் 38,400 ரூபாய்.

வீட்டுக்கு வந்து படுத்தேன். வலது பக்கம் திரும்பினேன். பீரோ கிளம்பிவிட்டது.

"கண்ணுதான் பட்டிருக்கு, சுத்திப் போட்டுருதேன்" என்று அம்மா உப்பும் மிளகாய் வற்றலும் கொண்டுவந்தாள். ஏற்கெனவே சுற்றுகிற தலைக்கு மேலே இன்னும் மூன்று சுற்று. அடுப்பில் போட்டாள், நெடியே வரவில்லையாம். நான் தும்மியது கணக்கில் வரவில்லை.

மறுநாள் காலை அதே அரசு ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில் நின்றேன். முக்கால் மணி நேரம். ஈ.என்.டி. டாக்டரம்மாவுக்கு முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். நான் நீட்டிய எம்.ஆர்.ஐ. கவரைத் திறக்காமல் மேசையில் வைத்தார்.

"மயக்கமா, சுத்தலா?"

"மயக்கம்தான்..."

"எல்லாரும் ரெண்டையும் மயக்கம்னுதான் சொல்லுவாங்க. கண்ணு இருட்டிக்கிட்டு வருதா, ரூம் சுத்துதா?"

"ரூம் சுத்துது."

"எப்போ? எவ்வளவு நேரம்?"

"புரண்டு படுக்கும்போது. அரை நிமிஷம்."

"சமீபத்துல தலையில அடி எதுவும்?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்தினேன். பொதிகையில் சைடு அப்பர் பெர்த்திலிருந்து இறங்கும்போது கம்பியில் நங்கென்று இடித்துக்கொண்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

கட்டிலில் உட்கார வைத்து, தலையை வலப்பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கச் சாய்த்தார். தலை கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கியது. "கண்ணை மூடாதீங்க, என் மூக்கையே பாருங்க." இரண்டு மூன்று விநாடி ஒன்றுமில்லை. அப்புறம் அவர் மூக்கு சுற்ற ஆரம்பித்தது. என் கண்மணி துள்ளுவதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். நின்றதும் தலையை இடப்பக்கம் திருப்பினார், காத்திருந்தார். உடம்போடு உருட்டி முகம் தரையைப் பார்க்க வைத்தார், காத்திருந்தார். எழுப்பி உட்கார வைத்தார். அவ்வளவுதான், ஐந்து நிமிடம்.

உள்காதில் ஒரு பையில் பொடிப்பொடியாகக் கால்சியம் கார்பனேட் துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்குமாம், முட்டை ஓடும் கிளிஞ்சலும் எதனால் ஆனதோ அதே பொருள். அதில் சில பிரிந்து, சமநிலையைச் சொல்லும் அரைவட்டக் குழாய்க்குள் போய்விட்டால், தலை அசையும்போதெல்லாம் மூளைக்குத் தப்பான சேதி போகும். மாத்திரை குமட்டலை அடக்குமே தவிர, துகளை நகர்த்தாது. அதை உருட்டித்தான் பழைய இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அமெரிக்காவில் ஜான் எப்லி என்ற டாக்டர் கண்டுபிடித்த முறை. சக டாக்டர்களே நெடுநாள் நம்பவில்லை, கட்டுரை வெளியானது 1992ல்தான் என்று அப்புறம் படித்தேன். நானும் கட்டிலைவிட மெஷினைத்தானே நம்பினேன்.

"108ஐக் கூப்பிட்டது சரிதான்" என்றார் டாக்டரம்மா. "பேச்சு குழறினாலோ, ஒருபக்கம் கை கால் இழுத்தாலோ, நிற்கவே முடியாம போனாலோ அது வேற. வீட்ல இருந்து யோசிக்கக் கூடாது." இந்தச் சுற்றல் மறுபடியும் வரலாம் என்று சொல்லி, வீட்டிலேயே செய்ய ஓ.பி. சீட்டின் பின்பக்கம் நாலு கோட்டுப் படம் வரைந்து கொடுத்தார்.

இரண்டு நாள் லேசாகத் தள்ளாட்டம் இருந்தது, அப்புறம் அதுவும் இல்லை. சுத்திப் போட்டதில்தான் சரியானது என்று அம்மா தெருவுக்கே சொல்லிவிட்டாள். திரும்பும்போது பொதிகையில் ஒரு கல்லூரிப் பையனிடம் கேட்டு லோயர் பெர்த் மாற்றிக்கொண்டேன்.

இன்சூரன்ஸ்தான் இன்னும் இழுக்கிறது. தனியார் ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சம்மரியில் நோயின் பெயர் இல்லை, 'கிடினஸ் ஃபார் எவாலுவேஷன்', அதாவது 'தலைசுற்றல், பரிசோதனைக்கு' என்று மட்டும் இருக்கிறது. பி.பி.பி.வி., அதாவது தலையைத் திருப்பும்போது வந்து போகும் ஆபத்தில்லாத சுற்றல் என்று நோயின் சரியான பெயர் இருப்பது அந்த ஓ.பி. சீட்டில் மட்டும்தான், பால்பாயிண்ட் பேனாவில், பின்னால் கோட்டுப் படத்தோடு. ஸ்கேன் செய்து அனுப்பினேன். அந்தச் சிகிச்சைக்கான பில்லையும் இணைக்கச் சொல்லிப் பதில் வந்தது. பில் கிடையாது என்று எழுதிப் போட்டு மூன்று வாரம் ஆகிறது.