ஆங்கி: எட்டு மாதம் பயன்படுத்திய பிறகு

மூளை நரம்புகள் 12 ஜோடி. அவற்றை நான் எத்தனை முறை மனப்பாடம் செய்தேன் என்பதற்குக் கணக்கே இல்லை. தேர்வு முடிந்த மறுவாரமே எல்லாம் கலைந்துவிடும். புதிதாகக் கற்றது முதல் சில நாட்களில்தான் வேகமாக மறக்கும் என்று ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-லேயே எழுதி வைத்திருக்கிறார். கேள்வி-பதில் அட்டைகளை இடைவெளி விட்டு விட்டுக் கேட்கும் ஆங்கி செயலி அந்த மறதியைத்தான் குறி வைக்கிறது.

ஒரு அட்டையைச் சொல்கிறேன். முன்பக்கம்: "முகபாவத் தசைகளை இயக்கும் நரம்பு எது?" பின்பக்கம்: "ஏழாவது." சரியாகச் சொன்னால் மறுநாள் வரும், அப்புறம் 3 நாள் கழித்து, பிறகு ஒரு வாரம், அப்புறம் மூன்று வாரம். தவறினால் அன்றே திரும்ப வரும். இப்போது அது மாதக்கணக்கில் தள்ளிப் போய்விட்டது, ஆனாலும் கேட்டவுடன் பதில் வருகிறது.

ஆரம்பத்தில் ஒரே அட்டையில் ஒரு பத்தியையே திணித்தேன். பாதி தெரியும், பாதி தெரியாது. சரியா தவறா என்று எந்தப் பொத்தானை அழுத்துவது? அதை ஏழு அட்டைகளாக உடைத்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. அடுத்தவர் செய்த அட்டைத் தொகுப்பும் எனக்கு ஒட்டவில்லை. அட்டையை நாமே எழுதும்போதே பாதி படித்த மாதிரி.

தோற்றம் பழசு, அமைப்புகள் முதலில் குழப்பும். பத்து நாள் விட்டுவிட்டால் நூற்றுக்கணக்கில் அட்டைகள் குவியும், அப்படி ஒருமுறை அழுகையே வந்தது. இப்போது தினம் 15 புதிய அட்டைதான், காலையில் இருபது நிமிடம். புரியாத பாடத்தை இது புரிய வைக்காது. புரிந்ததைக் கைவிட்டுப் போகாமல் பிடித்து வைக்கும்.