எக்ஸ்பிரஸோடு ஆறு வருடம்: டோக்கனை வாங்கிக்கொண்டு தோசை தராத கடை

கோவையிலிருந்து நண்பன் போன் செய்து, "புது ப்ராஜெக்டுக்கு எக்ஸ்பிரஸ் போடலாமா, இல்ல ஃபாஸ்டிஃபையா மச்சி?" என்று கேட்டான். இரண்டுமே ஜாவாஸ்கிரிப்டில் வெப் சர்வர் எழுத உதவும் ஃப்ரேம்வொர்க்குகள். எங்கள் ஆபீஸில் எக்ஸ்பிரஸ் 4-லிருந்து 5-க்கு அன்றுதான் மாறி முடித்திருந்தோம், மூன்று நாளாகச் சரியான தூக்கமில்லை, அதனால் "வேண்டவே வேண்டாம்" என்று வைத்துவிட்டேன்.

எனக்கு எக்ஸ்பிரஸ் மேல் இருக்கும் கோபம் ஒன்றே ஒன்று. பெங்களூரு தர்ஷினியில் (நின்றுகொண்டே சாப்பிடும் சின்ன ஹோட்டல்) பில் போட்டு டோக்கனை நீட்டுகிறீர்கள். உள்ளே மாஸ்டர் கையிலிருந்து தோசை நழுவி விழுகிறது. இன்னொன்று வார்க்கட்டும், அல்லது தோசை இல்லை என்றாவது சொல்லட்டும். இரண்டும் கிடையாது, நீங்கள் பாட்டுக்கு நின்றுகொண்டே இருக்கிறீர்கள். எக்ஸ்பிரஸ் 4-ன் அசிங்க் ஹேண்ட்லரில் (பேரிலேயே அசிங்கம்), அதாவது நடுவில் எதற்காவது காத்திருந்து ரிக்வெஸ்டுக்குப் பதில் சொல்லும் ஃபங்ஷனில், எர்ரர் வந்தால் அப்படித்தான். சாதாரண ஃபங்ஷனில் த்ரோ செய்தால் அழகாக எர்ரர் மிடில்வேருக்கு (எர்ரரை வாங்கிப் பதில் அனுப்பும் ஃபங்ஷன்) போகும். ஒரு அவெய்ட்டுக்கு (காத்திருக்கும் இடம்) பிறகு வெடித்தால், திரும்பி வரும் ப்ராமிஸை, அதாவது 'முடிவு பிறகு வரும்' என்ற டோக்கனை, எக்ஸ்பிரஸ் ஏறெடுத்தும் பார்க்காது. ரெஸ்பான்ஸ் போகாது. முன்னால் இருக்கும் லோடு பேலன்சர் 60 விநாடி பொறுத்துப் பார்த்துவிட்டு 504 (பதில் வரவில்லை என்ற எர்ரர்) கொடுக்கும்.

எக்ஸ்பிரஸை ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸின் 15-ம் பதிப்பு வந்ததும் கதை மாறியது. தோற்றுப்போன ப்ராமிஸ், அதாவது கேட்ச் செய்யாமல் விட்ட ரிஜெக்‌ஷன் ஒன்று இருந்தாலே ப்ராசஸ் செத்துவிடும். ஒருத்தர் தோசை விழுந்ததற்குக் கடை ஷட்டரையே இறக்குவது போல. எங்களுடையது டிபன் ஆர்டர் எடுக்கும் ஆப். இரவு எட்டரை மணிக்கு யாரோ காலாவதியான கூப்பன் போட, நல் (வெற்று மதிப்பு) வந்து, ஆர்டர் பாதியில் இருந்த அத்தனை பேரும் நடுரோட்டில். நான் அவசரத்தில் அன்ஹேண்டில்டு ரிஜெக்‌ஷனைப் பிடித்து லாக் மட்டும் எழுதினேன். ப்ராசஸ் பிழைத்தது, ரிக்வெஸ்ட்கள் பழையபடி தொங்கின!

அப்புறம் ஒவ்வொரு ரூட்டையும் (ஒரு முகவரிக்கு எந்த ஹேண்ட்லர் என்று சொல்வது) சுற்றி, எர்ரரைப் பிடித்து மிடில்வேருக்குத் தள்ள மூன்று வரி ராப்பர். புதிதாகச் சேருகிறவர்கள் அதை மறப்பார்கள், நான் ரிவ்யூவில் அதே கமெண்டை மறுபடி மறுபடி எழுதுவேன்.

5-ல் இது சரியாகிவிட்டது, ரிஜெக்ட் ஆனால் தானாகவே எர்ரர் மிடில்வேருக்குப் போகிறது. ஆனால் 4 வந்தது 2014-ல், 5 வந்தது 2024-ல். பத்து வருடம்! அதோடு விட்டதா? எந்த முகவரிக்கும் பொருந்தட்டும் என்று வெறும் நட்சத்திரம் போட்ட ரூட் இனி செல்லாது, அதற்கு ஒரு பெயர் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சர்வர் எழும்பவே எழும்பாது. முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் வருவதைத் தரும் ரெக்.க்வெரி இப்போது வெறும் கெட்டர், படிக்கலாம், மாற்றி எழுத முடியாது. வேலிடேஷனில் அதை மாற்றி எழுதிக்கொண்டிருந்த எங்களுக்கு ஒரு முழு நாள் போனது.

சரி, நியாயமாகவும் சொல்ல வேண்டும். ரிக்வெஸ்ட் மேலிருந்து கீழே ஒவ்வொரு மிடில்வேராக இறங்கி வருவதைப் புதுப் பையனுக்கு ஒரு மத்தியானத்தில் விளக்கிவிடலாம். ஆறு வருடத்துக்கு முன் எழுதிய ரூட்களில் பாதியை இன்றுவரை தொட வேண்டியிருக்கவில்லை. அதெல்லாம் சும்மா வராது.

நண்பன் ஃபாஸ்டிஃபை போட்டுவிட்டான். நான் போன ஞாயிறு எங்கள் அல்சூர் அபார்ட்மென்டின் தண்ணீர் லாரிக் கணக்குக்கு ஒரு சின்ன ஆப் எழுத உட்கார்ந்தேன், யோசிக்காமல் எக்ஸ்பிரஸ்தான் போட்டேன். ஆபீஸ் ரெப்போவில் அந்த ராப்பர் ஃபைலை மட்டும் இன்னும் அழிக்கவில்லை, கை வரவில்லை.