அம்மாட வீட்டு உறுதியத் தேடி மட்டக்களப்பில அஞ்சு கிழமை

இந்த முறை ஊருக்குப் போனது திருவிழாக்கோ கலியாணத்துக்கோ இல்ல, கல்லடியில இருக்கிற அம்மாட வீட்ட தங்கச்சிட பேருக்கு மாத்துறதுக்கு. லண்டனில அஞ்சு கிழமை லீவு எடுத்துப் போனன், ரெண்டு கிழமையில வேலைய முடிச்சுப்போட்டு மிச்ச நாள் பாசிக்குடா, திருக்கோவில் எண்டு பிள்ளைகளோட சுத்துவம் எண்டு நினைப்பு. பாசிக்குடாவுக்கு ஒரு நாள்தான் போகக் கிடைச்சது, மிச்சம் எல்லாம் கந்தோர் கந்தோரா ஏறி இறங்கினதிலயே போயிட்டு.

எங்கட பக்கத்தில வீடு பொம்பிளைப்பிள்ளைக்குத்தான். எனக்கு ஆரையம்பதியில வீடு குடுத்தாங்க, அம்மா இருந்த வீடு தங்கச்சிக்கு எண்டு அவட கலியாணப் பேச்சிலயே பெரியாக்கள் முன்னால சொன்னது, சுவிசில இருக்கிற அண்ணனும் அப்பவே சரி எண்டவர். ஆனா உறுதி, அதாவது வீட்டுப் பத்திரம், ஒருத்தரும் எழுதல்ல. அப்பா முதலே போயிட்டார், அம்மா 2019 ல போனா. போன வருசம் தங்கச்சி கூரை மாத்த லோன் கேட்டுப் போகக்குள்ளதான் வங்கியில கேட்டிருக்காங்க, உங்கட பேரில உறுதி எங்க, சேர்வே பிளான் எங்க, வீதிக்கோட்டுச் சான்றிதழ் எங்க எண்டு. ஒண்டும் இல்ல. பழைய உறுதி 2004 சுனாமியில அலுமாரியோடயே போயிட்டு.

முதல் போன நொத்தாரிசு, அதான் உறுதி எழுதிற லோயர்ட கந்தோரில (பேர் வேணாம்) எல்லாம் லேசு எண்டுதான் சொன்னாங்க. தங்கச்சி பத்து வருசத்துக்கு மேல அந்த வீட்டில இருக்கிறா தானே, ஆட்சி உரிமை எண்டு சொல்லி வீடு தன்டதான் எண்டு அவ தானே சொல்ற மாதிரி ஒரு பிரகடன உறுதி எழுதிடுவம், அண்ணனுக்குச் சொல்லவும் தேவையில்ல எண்டாங்க. பீஸும் அங்கயே கேட்டாங்க. எனக்கு மனசுக்குள்ள என்னவோ செஞ்சது, நாளைக்கு வாறம் எண்டு எழும்பி வந்திட்டன். மறுகா மச்சான் கூட்டிட்டுப் போன வேற லோயர்தான் பேப்பர் எடுத்து கீறிக் காட்டி விளங்கப்படுத்தினார். அந்தப் பத்து வருசச் சட்டம், 1871 ல வந்த ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம், உரிமைக்காரனுக்கு எதிரா இருந்த ஆட்சிக்குத்தானாம். அம்மா இருக்குமட்டும் தங்கச்சி அம்மாட பிள்ளையாத்தான் அங்க இருந்தா, அம்மாக்குப் பிறகு நாங்க மூண்டு பேரும் கூட்டுப் பங்காளிகள், ஒரு பங்காளி வீட்டில இருக்கிறதால மற்றவங்கட பங்கு அவக்குப் போய்ச் சேராது. அப்பிடி ஒரு உறுதிய எழுதிப்போட்டு வங்கிக்குக் கொண்டு போனா அவங்கட லோயர் முதல் பக்கத்திலயே திருப்பிடுவார், நாளைக்கு விக்கப் போனாலும் வாங்கிறவன் அதையேதான் கேட்பான். கூடப்பிறந்த அண்ணனுக்குத் தெரியாம அப்பிடி ஒரு கடதாசியில நான் சாட்சியா கையெழுத்து வச்சிருந்தா என்ன ஆகியிருக்கும் எண்டு நினைக்க இப்பவும் நெஞ்சு பதறுது.

வாய்ச்சொல்லு மட்டும் போதாதா எண்டு கேட்டன். 1840 ல வந்த மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இப்பவும் நடக்குது, காணி கைமாற நொத்தாரிசும் ரெண்டு சாட்சியும் ஒண்டா இருந்து ஒப்பம் வச்ச உறுதி வேணும் எண்டார். லண்டனில யாழ்ப்பாணத்துச் சிநேகிதி ஒருத்தி தேசவழமை எண்ட அவங்கட வழமைச் சட்டப்படி சீதனம் தனி, விக்கக்குள்ள பங்காளிக்குத்தான் முதல் உரிமை எண்டெல்லாம் சொல்லி அனுப்பினவ, அதையும் கேட்டன். அது வடக்குத் தமிழாக்களுக்கு, நமக்கு இல்லையாம். மட்டக்களப்பில ஒரு காலம் முக்குவச் சட்டம் எண்டு ஒண்டு இருந்ததாம், 1876 க்குப் பிறகு அதுவும் இல்ல, பொதுச் சட்டம்தான். அப்பா உயிரோட இருந்திருந்தா அவருக்குப் பாதி, மிச்சப் பாதி பிள்ளைகளுக்கு. அப்பா இல்லாததால மூண்டு பேருக்கும் மூண்டில ஒண்டு. முஸ்லிம் ஆக்களுக்கு இது வேற கணக்கு, அவங்கட வாரிசுச் சட்டம் தனி.

சரி, உறுதி இல்லையே? இங்கதான் காணிப் பதிவுக் கந்தோருக்கு நன்றி சொல்லணும். நொத்தாரிசு எழுதிற ஒவ்வொரு உறுதிக்கும் இரட்டைப் பிரதி ஒண்டு அங்க போகும், அதனால மூலம் தொலைஞ்சா எல்லாம் போச்சு எண்டு இல்ல. ஆனா உறுதி இலக்கமோ, திகதியோ, எழுதினவர்ட பேரோ, பதிவுப் புத்தகத்தில எந்தப் பக்கம் எண்டோ ஏதாவது ஒண்டு வேணும். எங்களிட்ட ஒண்டுமே இல்ல. தங்கச்சி சோலைவரி (வீட்டு வரி) ரசீதுகள் எல்லாம் கொண்டு வந்தா, அதில இலக்கம் இல்ல. கடைசியா பக்கத்து வளவு மாமிதான் தன்ட உறுதிய ட்ரங்குப் பெட்டியில இருந்து எடுத்துத் தந்தா. அவட வளவும் எங்கட வளவும் ஒரு காலத்தில ஒரே பெரிய காணி, மூத்தம்மாட, அதான் அம்மாட அம்மாட தகப்பன்ட. பதிவுப் புத்தகத்தில அவட பக்கத்தப் பிடிச்சு பெரிய காணிட பக்கத்துக்குப் போய், அங்க இருந்து பிரிஞ்சு போன துண்டுகளப் பார்த்துப் பார்த்து மூண்டாம் நாள் எங்கடது கிடைச்சது. 1981, மூத்தம்மா அம்மாக்கு எழுதின சீதன உறுதி. கீழ அம்மாட கையெழுத்து, எழுத்துக்கூட்டி எழுதின மாதிரி பெரிசு பெரிசா. அந்த மேசையிலயே நான் அழுதிட்டன், அங்க வேல செய்ற தம்பி ஒண்டும் பேசாம தண்ணிப் போத்தில நகர்த்தி வச்சார்.

சேர்வயர் வந்து அளந்தா உறுதியில 22 பேர்ச், நிலத்தில 20 தான் கிடக்கு, ரோட்டு அகலிச்சதில போயிருக்கும் எண்டார். புதுப் பிளானில இருக்கிறதத்தான் எழுதணும்.

இப்ப என்ன வழி? சொத்துப் பெறுமதியப் பார்த்தா மாவட்ட நீதிமன்றத்தில டெஸ்டமென்ட்ரி கேஸ், அதான் இறந்தவர்ட சொத்துக்குப் போடுற வழக்கு, போட்டுத்தான் வரணும் எண்டார் லோயர், பேப்பரில அறிவித்தல் போடணும், அது மாசக்கணக்கு. அது முடிஞ்சாப் பிறகு நானும் அண்ணனும் எங்கட பங்க தங்கச்சிக்கு நன்கொடை உறுதியா எழுதலாம். முத்திரைக் கட்டணத்தில விலை உறுதிக்கும் நன்கொடைக்கும் நல்ல வித்தியாசம்: விலைக்கு எண்டா முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4. நன்கொடைக்கு முதல் ஐம்பதாயிரத்துக்கு 3, மிச்சத்துக்கு 2. அம்பது லட்சம் பெறுமதி எண்டு வச்சா ஒண்டுக்கு 1,99,000, மற்றதுக்கு 1,00,500. உறுதியில நாம குறைச்சு எழுதினாலும் மதிப்பீட்டுப் பெறுமதிக்குத்தான் கட்டணும்.

நான் நிக்க ஏலாது, அதால எனக்குப் பதிலா ஒருத்தர் கையெழுத்து வைக்க அற்றோணித் தத்துவம் குடுத்திட்டு வந்தன். தங்கச்சிக்கே குடுக்கப் பார்த்தன், தனக்குத் தானே நன்கொடை எழுதின மாதிரி வரும், வேணாம் எண்டு லோயர் மறிச்சார், அதால மச்சான்ட பேரில. ‘எல்லா அலுவலும் பார்க்கலாம்’ எண்டு பொதுவா எழுதினா காணாது, இந்தக் காணி, இந்தப் பங்கு, நன்கொடையா எழுதிக்குடுக்க அதிகாரம் எண்டு சொல்லுச் சொல்லா இருக்கணும், பதியவும் வேணும். குடுத்த ஆள் இறந்தா அதோட அந்தத் தத்துவமும் முடிஞ்சிடும். அண்ணன் ஜெனீவாவில இருக்கிற இலங்கைத் தூதரகக் கந்தோரில போய்க் கையெழுத்து வைக்கணும்.

இதுக்கிடையில சொந்தக்காரர் ஒருத்தர் உன்னிச்சைப் பக்கம் அரை ஏக்கர் மலிவா இருக்கு, எடுங்க அக்கா எண்டு நிண்டார். கடதாசியக் கேட்டா அது உறுதி இல்ல, 1935 காணி அபிவிருத்திச் சட்டத்தில குடுத்த அனுமதிப் பத்திரம். பிரதேச செயலாளர்ட அனுமதி இல்லாம அத விக்கவே ஏலாது, எந்த நொத்தாரிசு எழுதினாலும் செல்லாது. படுவான்கரையிலயும் அம்பாறையில கல்லோயாக் குடியேற்றப் பக்கமும் இப்பிடிக் காணி நிறைய, விலையக் கேட்டு ஆசைப்படாதீங்க, முதல் கடதாசியப் பாருங்க. எப்பிடியும் என்னால வாங்க ஏலாது. நான் பிரிட்டிஷ் சிட்டிசன், இரட்டைக் குடியுரிமை எடுக்கல்ல, 2014 ஆம் ஆண்டு 38 ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டாளுக்குக் காணி எழுத ஏலாது. அம்மாட்ட இருந்து வாரிசா வாறதுக்குத் தடை இல்ல. இரட்டைக் குடியுரிமை இருந்தா இந்தத் தடை வராது, அந்த விண்ணப்பத்த இப்ப நிரப்பிக்கொண்டு இருக்கிறன்.

என்ட ஆரையம்பதி வீட்ட விக்கிற யோசனையும் இருக்கு, அதுக்கு மூலதன ஆதாய வரி வரும், 10 வீதமா இருந்தது 2025 ஏப்ரல் தொடக்கம் 15. பழைய சொத்துக்கு 2017 செப்டம்பர் 30 ஆம் திகதி என்ன பெறுமதியோ அதுக்கு மேல வந்த லாபத்துக்குத்தானாம், அதால அந்தத் திகதிக்கு மதிப்பீட்டு அறிக்கை ஒண்டு எடுத்து வச்சிட்டு வந்தன்.

கேஸ் போட்டாச்சு. அண்ணன்ட தத்துவம் இன்னும் வந்து சேரல்ல, நேத்தும் போன் எடுத்தன், வாற கிழமை ஜெனீவாவுக்குப் போறன் எண்டார். தங்கச்சி மழைக்கு முன்னால கூரையில தார்ப்பாய் போட ஆள் பிடிச்சிருக்கிறா.